விளையாட்டும் வினையும்

மார்கழிக் குளிர் தலைநகரைப் பிடித்துக்கொண்டதும், நடுவண் அரசின் அலுவலகக் கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கும் பகுதியில் பகல் ஒரு மணிக்கு ஒரு காட்சியைக் காணலாம். உள்ளே விறைத்துக் கிடந்த கைகால்களுக்கு வெயில் தேடி அலுவலர் கூட்டம் புல்வெளிக்கு வந்து சேரும். ஒருபால் மகளிர் கம்பளி நூல் பின்னிக்கொண்டிருப்பர். ஒருபால் நிலக்கடலைத் தோல் குவிந்துகொண்டிருக்கும். இடையிடையே நால்வர் நால்வராக வட்டமிட்டு அமர்ந்து சீட்டாடுவர். அவ்வட்டங்களுள் ஒன்றில் நாமும் இருபது ஆண்டுகளாக ஓர் உறுப்பினர். காசு வைத்து ஆடும் வழக்கம் நம் வட்டத்தில் இல்லை. பகல் ஒன்றரை மணி ஆயிற்றெனின், கையில் வந்திருக்கும் சீட்டு எத்துணை உயர்ந்ததாயினும் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுவோம். விரிப்பாகக் கிடந்த செய்தித்தாளை உதறி மடிப்போம். அவரவர் மேசைக்குத் திரும்புவோம்.

இந்த அரைமணிப் பொழுதைப் பற்றி நாம் என்றும் ஆழ்ந்து எண்ணியதில்லை. வேலை என்பது ஒன்று, விளையாட்டு என்பது மற்றொன்று, இரண்டிற்கும் இடையே ஒரு கடிகாரம் நிற்கிறது என்பதே நம் தத்துவமாக இருந்தது. சென்ற ஆண்டு நம் தமக்கையின் மகன் நம் இல்லத்தில் வந்து தங்கிய இருபது நாள்கள் அத்தத்துவத்தை அசைத்துவிட்டன. இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, சிலப்பதிகாரத்தைப் பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டோம். எழுத அமர்ந்தபோது கை இதைத்தான் எழுதியது. அன்பர்கள் பொறுத்தருள்க.

அவன் புனே நகரில், கைப்பேசியில் ஆடும் ஆட்டங்களைப் படைக்கும் ஒரு நிறுவனத்தில் பணிபுரிகிறான். அகவை இருபத்தொன்பது, பொறியியல் பட்டம் பெற்றவன். "மென்பொருள் துறையில் இருக்கிறான்" என்றுதான் நம் தமக்கை உற்றாரிடமெல்லாம் சொல்லி வருகிறார். சாதகத்தோடு அனுப்பும் குறிப்பிலும் அவ்வாறே எழுதியிருக்கிறார். "விளையாட்டுச் செய்கிறான்" என்று எழுதினால் எந்தப் பெண்ணின் தந்தை மறுமொழி தருவார் என்பது அவர் கவலை. அதில் பொய்யில்லை, எனினும் முழு உண்மையும் இல்லை. நம் இல்லத்தரசியும் அவன் வந்த முதல் நாளே, "ஏனப்பா, விளையாடுவதற்கா இவ்வளவு சம்பளம் தருகிறார்கள்?" என்று வெள்ளையாகக் கேட்டுவிட்டார். அவன் சிரித்தான். "நான் விளையாடி எட்டு மாதம் ஆகிறது அத்தை" என்றான்.

விடுப்பில் வருவதாகத்தான் சொன்னான். ஓர் ஆட்டத்தை வெளியிடுவதற்காக மூன்று திங்கள் இரவு பகல் பாராது உழைத்த களைப்பு அவன் முகத்தில் தெரிந்தது. ஆயினும் மடிக்கணினியும் உடன் வந்திருந்தது. இராமகிருஷ்ணபுரத்தில் நமக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் இரண்டறைக் குடியிருப்பில் அதனை வைக்கத் தனியிடம் ஏது? நம் மகன் படிக்கும் மேசையின் ஒரு பாதி அவனுடையதாயிற்று.

ஆட்டம் செய்பவன் நாள் முழுதும் வண்ணப் படங்களோடு கொஞ்சிக்கொண்டிருப்பான் என்று நாம் கற்பனை செய்திருந்தோம். எட்டிப் பார்த்தபோது திரையில் கண்டது எண்களின் அட்டவணை. நம் அலுவலகத்து மாதாந்தர அறிக்கைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. முதல் நாள் ஆடியவர்களுள் மறுநாள் திரும்பி வந்தவர் எத்தனை பேர், ஏழாம் நாள் எத்தனை பேர், முப்பதாம் நாள் எத்தனை பேர். எந்தப் படியில் தோற்று எத்தனை பேர் விலகினர். விலகுமுன் எத்தனை விநாடி தயங்கினர். "இந்தப் படியில் மிகுதியானோர் விலகுகிறார்கள் மாமா, சிறிது எளிதாக்க வேண்டும். இதோ, இங்கே யாரும் தோற்பதில்லை, சிறிது கடினமாக்க வேண்டும்" என்று விளக்கினான். உப்பும் புளியும் பார்க்கும் சமையற்காரரின் கவனம் அதில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

பிறர் மகிழும் பொழுதே தம் தொழிற்பொழுதாக அமைந்தவர்கள் நம் மரபில் புதியவரல்லர். திருமணப் பந்தியில் ஊரே உண்ணும்போது சமையற்கட்டில் நிற்பவர், திருவிழா இரவில் ஊரே உலா வரும்போது மூச்சடக்கி நாகசுரம் ஊதுபவர், கூத்து முடிந்து ஊர் உறங்கப் போனபின் அரிதாரம் கலைப்பவர் ஆகிய யாவரும் இவ்வினத்தவரே. அவர்களைப் பார்த்து "உனக்கென்ன, நாள்தோறும் திருவிழா" என்று நாம் சொல்வோமாயின் அது எத்துணைப் பேதைமை!

மேலும் ஒன்று. கணிப்பொறி ஆட்டங்களின் தொடக்க வரலாற்றை அவன் சொல்லக் கேட்டபோது நமக்கு உள்ளூர ஒரு பெருமிதமும் உண்டாயிற்று. 1958-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், அமெரிக்காவில் புரூக்கேவன் அரசு ஆய்வுக்கூடத்தைக் காண வரும் பொதுமக்களுக்குச் சலிப்புத் தட்டாதிருக்க, வில்லியம் இகின்பாதம் என்னும் அறிவியலறிஞர் அலைகாட்டிக் கருவியின் சிறு திரையில் ஒரு டென்னிசு ஆட்டத்தை அமைத்தார். போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தின் மின்னணுக் கருவிகளை உருவாக்கியவர் அவர். பின்னர் அணுப்படைக் கட்டுப்பாட்டிற்காகவே வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர். அந்த ஆட்டத்திற்கு அவர் காப்புரிமையும் கேட்கவில்லை. மறு ஆண்டும் ஒருமுறை காட்டியபின் கழற்றிப் போட்டுவிட்டனர்.

அதைவிடச் சுவையானது மாசுகோவில் நடந்தது. 1984-ஆம் ஆண்டில் சோவியத்து அறிவியல் கழகத்தின் கணிப்பு மையத்தில் பணியாற்றிய அலெக்சி பாசித்னோவ், அலுவலகக் கணிப்பொறியிலேயே 'டெட்ரிசு' என்னும் ஆட்டத்தை இயற்றினார். மேலிருந்து கட்டைகள் விழும். வரிசை நிரம்பினால் அவ்வரிசை மறையும். அந்தக் கணிப்பொறியில் படம் வரையும் வசதி இல்லை. எழுத்துக் குறிகளைக் கொண்டே கட்டைகளைக் காட்டினார். உடன் பணிபுரிந்தோர் வேலையை மறந்தனர். உலகெங்கும் அது பரவியது. ஆயினும் உரிமை அரசினுடையது. படைத்தவருக்கு 1996-ஆம் ஆண்டு முதலே உரிமைத்தொகை கிடைக்கத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுக் காலம் உலகமே ஆடியது. அரசு ஊழியருக்கு மாதச் சம்பளம்! இதைக் கேட்டபோது நம் இனத்தவர் ஒருவரைச் சந்தித்ததுபோல் இருந்தது. (நாம் அலுவலகக் கணிப்பொறியில் எதையும் இயற்றியதில்லை என்பதைத் தணிக்கையாளர் கவனத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.)

இவ்விருவரும் ஆட்டத்தைச் செய்தது தம் மனமகிழ்ச்சியின் மிகுதியால். அவர்தம் ஆட்டம் யாரை எத்தனை நாள் பிடித்துவைத்தது என்று எண்ணிப் பார்க்கும் அட்டவணை அவர்களிடம் இருந்ததில்லை. நம் மருமகனிடம் அது இருக்கிறது. எல்லாச் சிக்கலும் இந்த ஓரிடத்தில் முளைப்பதாக இப்போது தோன்றுகிறது.

அவனுடைய சொந்த வாழ்வைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. அவன் செய்த ஆட்டம் வெளியாக வேண்டிய அதே கிழமையில், தஞ்சையில் அவன் தந்தைக்கு இதய அறுவை நடந்தது. அவன் போகவில்லை. அறுவைக்கூடத்தின் வாயிலில் அமர்ந்திருந்த தாயோடு கைப்பேசித் திரையில் பேசிக்கொண்டே, மறுபுறம் வேலையும் பார்த்தான். தந்தையார் நலமாக எழுந்துவிட்டார். ஆயினும் அவர், "பையன் பெரிய வேலையில் இருக்கிறான்" என்று வந்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததைத் தமக்கை நம்மிடம் சொன்னபோது, அது பெருமையா குறையா என்று நமக்கு விளங்கவில்லை. "போகாதே என்று தடுத்தார்களா?" என்று அவனிடம் கேட்டோம். "ஒருவரும் தடுக்கவில்லை மாமா. நானே கேட்கவில்லை" என்றான்.

இத்துறையில் இது புதிதன்று. 2004-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பெரும் ஆட்ட நிறுவனம் ஒன்றில் பணிபுரிந்தவரை மணக்கவிருந்த பெண்மணி பெயர் குறியாது ஒரு மடல் எழுதினார். காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை, வாரத்தின் ஏழு நாளும் வேலை. கிழமைக்கு 85 மணிநேரம் என்பது அம்மடலின் முறையீடு. அது உலகெங்கும் படிக்கப்பட்டது; வழக்குகள் நடந்தன; நிறுவனம் பெருந்தொகை கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. ஆனால் "நானே கேட்கவில்லை" என்பவனுக்கு எந்த நீதிமன்றத்தில் தீர்ப்பு உண்டு?

அவனைக் கடிந்துகொள்ள வாயெடுத்தோம். எடுத்த வாய் மூடிக்கொண்டது. 2011-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில், நிதியாண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் நாம் இருந்தபோது, கும்பகோணத்திலிருந்து நம் தந்தைக்கு உடல்நிலை சரியில்லை என்று தகவல் வந்தது. 28-ஆம் நாள் வந்த தகவல். முப்பத்தொன்று முடியட்டும் என்று இருந்தோம். விமானச் சீட்டு அந்நாளில் நம் கைக்கு எட்டாதது. ஏப்ரல் முதல் நாள் மாலை கிராண்டு டிரங்க் விரைவுவண்டியில் ஏறினோம். மறுநாள் நாகபுரியைத் தாண்டியபோது கைப்பேசியில் செய்தி வந்தது. நம் மேலதிகாரி நல்லவர். விடுப்புக் கேட்டிருந்தால் மறுத்திருப்பாரா என்பது இன்றுவரை தெரியாது. ஏனெனின் நாமும் கேட்கவில்லை. அன்று முடித்த கணக்கின் தலைப்பு என்னவென்று இப்போது நினைவில்லை. புலம் பெயர்ந்து வந்து பிழைக்கும் நம் குடும்பங்களுள் இத்தகைய ஓர் இரயில் பயணம் இல்லாத குடும்பம் எத்தனை?

ஆக, வேலைக்கும் வாழ்வுக்கும் இடையே கடிகாரம் நிற்கிறது என்னும் நம் தத்துவம் நம்மிடத்திலேயே பொய்த்திருந்தது. அதை நாம் பதினான்கு ஆண்டுகள் கவனியாதிருந்தோம்.

வந்த பத்தாம் நாள் அவன் நம்மிடம் ஓர் அறிவுரை கேட்டான். நிறுவனத்தில் அவனுக்கு உயர்பதவி ஒன்று தருவதாக இருந்தனர். இதுவரை அவன் பணி ஆட்டத்தின் படிகளை அமைப்பது; அதாவது ஆறு எங்கே ஓட வேண்டும், பாலம் எங்கே உடைந்திருக்க வேண்டும், திறவுகோல் எந்த மரப்பொந்தில் கிடக்க வேண்டும் என்பவற்றை வகுப்பது. புதிய பதவியோ, ஆடுவோரை நாள்தோறும் திரும்ப வரவழைக்கும் வழிகளைக் காண்பதற்கென்றே அமைந்த குழுவின் தலைமை. தொடர்ந்து வருவோர்க்கு நாட்பரிசு, வாராதவர்க்கு நினைவூட்டல், ஒரு நாள் தவறினால் சேர்த்ததெல்லாம் போகும் என்னும் அச்சம் ஆகியவை அக்குழுவின் கருவிகள். ஊதியம் ஒன்றரை மடங்கு. தஞ்சையில் வீட்டுக்கடன் நிற்கிறது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கின்றனர். "என்ன செய்யட்டும் மாமா?" என்றான்.

எழுத்தராகச் சேர்ந்த நாள்தொட்டு மேலிருந்து வந்த ஆணை எதையும் மறுத்தறியாத நாம் என்ன சொல்வோம்? "ஏற்றுக்கொள்" என்றோம். சிறிதும் தயங்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் இரவு அந்த நிகழ்ச்சி நடந்தது. நம் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். அத்தான் செய்த ஆட்டம் என்று பள்ளியெங்கும் பெருமை பேசி, அதை அவனும் ஆடி வந்தான். தேர்வு நெருங்கியதால் அன்று பகலெல்லாம் படித்துவிட்டு நேரத்தோடு உறங்கப் போனவன், பதினொன்றே முக்கால் மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு எழுந்து, சமையலறை விளக்கின் கீழ் நின்று ஆடிக்கொண்டிருந்தான். தண்ணீர் குடிக்க வந்த மருமகன் அதைக் கண்டான். பின்னால் வந்த நாமும் கண்டோம்.

"ஏன்டா இந்நேரத்தில்?" என்று அவன் கேட்டான்.

"இன்று இருபத்தேழாம் நாள் அத்தான். நள்ளிரவுக்குள் ஒருமுறை ஆடாவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். முப்பதாம் நாள் படகு கிடைக்கும்."

முப்பதாம் நாள் படகு என்பது மருமகனே எண்ணியமைத்தது என்று பின்னர் அறிந்தோம். அவன் ஒன்றும் பேசவில்லை. மகன் ஆடி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான். மகனுடைய முகத்தில் மகிழ்ச்சி இல்லை என்பதை நாம் இருவரும் பார்த்தோம். கடன் தவணையைக் கட்டிவிட்டவன் முகத்தில் காணும் ஆறுதலே இருந்தது.

அன்றிரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் உறங்கவில்லை. மாடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவன்தான் அனாய் நகரத்து இளைஞர் ஒருவரின் கதையைச் சொன்னான். வியத்துநாமைச் சேர்ந்த தோங் நியூயென் என்பவர் தனியொருவராக, சில நாள்களில், 'பிளாப்பி பேர்டு' என்னும் எளிய ஆட்டம் ஒன்றைச் செய்து 2013-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு சிறு பறவை குழாய்களின் இடையே பறக்க வேண்டும், அவ்வளவே. மறு ஆண்டின் தொடக்கத்தில் அது திடீரெனப் பேர் பெற்றது. விளம்பர வருவாய் நாளொன்றுக்கு ஐம்பதாயிரம் டாலர் என்று செய்திகள் கூறின. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அதை அவரே திரும்பப் பெற்றுவிட்டார். சில நிமிட இளைப்பாறலுக்கென்று செய்தது, விட முடியாத பழக்கமாகிவிட்டது என்பது அவர் தந்த விளக்கம்.

"எல்லாரும் அவரைப் பித்தன் என்றார்கள் மாமா. நானும் அப்போது கல்லூரியில் இருந்தேன், நானும் சொன்னேன்."

"நீ என்ன குற்றம் செய்துவிட்டாய்? யாரையும் கட்டிப்போடவில்லையே" என்று நாம் தேற்றினோம். தேற்றிய சொல்லே நம்மை மேலும் எண்ணத் தூண்டியது. சட்டத்தை நோக்கினால் அவன் மேல் ஒரு பிழையும் இல்லை. பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களுக்கு எதிராகத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022-ஆம் ஆண்டிலும், இந்திய நாடாளுமன்றம் 2025-ஆம் ஆண்டு ஆகசுட்டிலும் சட்டமியற்றின. அவன் ஆட்டத்தில் பந்தயம் இல்லை. வள்ளுவப் பெருந்தகை சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, அதனைக் கள்ளுண்ணாமைக்குப் பின்னும் மருந்துக்கு முன்னும் வைத்தார். அங்கும் பேச்சு ஆடுவோனைப் பற்றியது. கவறு கடைந்த தச்சனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாரதத்தில் தருமன் நாடிழந்தான். சகுனியைப் பழித்தோம், துரியோதனனைப் பழித்தோம், தருமனையும் பழித்தோம். சூதாட்ட மண்டபத்தைக் கட்டிய தச்சர்களை யார் பழித்தார்?

ஆனால் அந்தத் தச்சனுக்கும் நம் மருமகனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தச்சன் கவற்றைக் கடைந்து கொடுத்ததோடு வீடு திரும்பினான். ஆடுவோன் அருகே இரவெல்லாம் அமர்ந்து, அவன் கை எப்போது தளர்கிறது, எப்போது எழ நினைக்கிறான் என்று கண்காணித்து, எழ நினைக்கும் கணத்தில் கவற்றின் பக்கத்தைச் சிறிது தேய்த்துக் கொடுக்கவில்லை. கைவினைஞனின் பொறுப்பு பொருளோடு முடிகிறதா, பொருளைக் கொண்டவன் பின்னும் தொடர்கிறதா என்பது பழைய கேள்வி. பின்தொடரும் கண் இல்லாதவரை அதற்கு 'முடிகிறது' என்று விடை சொல்லலாம். பார்த்துக்கொண்டே இருப்பவன் "நான் அறியேன்" என்று சொல்ல முடியுமா?

இதை நாம் அவனிடம் சற்று உரக்கவே சொல்லிவிட்டோம் போலும். அவன் அமைதியாக ஒரு மறுமொழி சொன்னான். இன்றளவும் அது நம்மை விட்டு அகலவில்லை.

"மாமா, உங்கள் அலுவலகத்திற்கு வருபவரிடம் 'நாளை வா' என்று எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்? நாங்களும் 'நாளை வா' என்றுதான் சொல்கிறோம். எங்களிடம் வருபவராவது சிரித்துக்கொண்டு வருகிறார்."

முன்னாள் ஊழியர் ஒருவர் ஓய்வூதியத்தில் இருந்த ஒரு சிறு வேறுபாட்டைச் சரிசெய்யும்படி நம் மேசைக்கு வந்தது நினைவுக்கு வந்தது. காசியாபாத்திலிருந்து பேருந்தில் வருவார். பதினொரு நாள் அந்தக் கோப்பு நம்மிடம் கிடந்தது. விதியில் ஓர் ஐயம் என்பது காரணம். அது உண்மைக் காரணந்தான். ஆயினும் அந்த ஐயத்தை மேலே அனுப்பித் தெளிவு பெற ஒரு நாள் போதும். மூன்று முறை அவர் வந்தார். மூன்று முறையும் நாளை என்றோ அடுத்த கிழமை என்றோ சொன்னோம். பிறர் பொழுதை உண்பது ஆட்டம் செய்பவன் மட்டும் அல்லன் என்பதைத் தங்கையில்லாத, கடனில்லாத, ஓய்வூதியம் உறுதியான ஓர் எழுத்தனுக்கு இருபத்தொன்பது அகவை இளைஞன் கற்பித்தான். அவன் எண்ணிக்கையாவது வைத்திருக்கிறான். நாம் அதுவும் வைக்கவில்லை.

இதனால் விளையாட்டே கூடாதென்று யாரும் கொள்ள வேண்டா. நம் பாட்டியார் தம் எழுபதாம் அகவையிலும் பல்லாங்குழியில் சோழி அள்ளுவார். எங்களை ஒருநாளும் வெல்லவிட்டதில்லை. இந்தி ஒரு சொல்லும் அறியாது இந்நகரில் வந்து இறங்கிய நமக்கு, வங்காளி ஒருவரையும் பஞ்சாபி ஒருவரையும் நண்பராக்கி மொழியும் கற்பித்தது புல்வெளிச் சீட்டாட்டமே. அமெரிக்க இளைஞர் எரிக் பரோன் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியே உழைத்து 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சுடார்டியூ வேலி' என்னும் ஆட்டத்தையும் மருமகன் காட்டினான். அலுவலக மேசையில் வாடும் ஒருவர், பாட்டனார் விட்டுச்சென்ற மடலைப் பிரித்துப் படித்து, வேலையை விட்டு அவர் நிலத்தில் பயிரிடப் போவதில் அது தொடங்குகிறது. நீர் பாய்ச்சலாம், மீன் பிடிக்கலாம், அண்டை வீட்டாரோடு பேசலாம். உலகெங்கும் அலுவலகம் முடிந்து வீடு திரும்பிய மக்கள் அதில் உழுதுகொண்டிருக்கின்றனராம்! ஊரில் இருந்த இரண்டு மா நிலத்தை விற்றுவிட்டு இங்கு வந்தவர்கள் நாம். அதைப் பார்க்கச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது.

ஆனால் பல்லாங்குழிக்கு ஓர் எல்லை உண்டு. விளக்கு வைத்ததும் பாட்டியார் சோழியைப் பையில் கட்டிவிடுவார். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காகப் பரமபதம் ஆடுவோம். பாம்பு எத்தனை முறை கடித்தாலும் ஏணி எத்தனை முறை ஏற்றினாலும் படத்தின் மேற்கோடியில் கடைசிக் கட்டம் ஒன்று இருந்தது. அதற்குள் பொழுதும் விடிந்துவிடும். சீட்டு வட்டத்திற்கு ஒன்றரை மணி. மருமகன் அமைக்கும் ஆட்டத்திற்குக் கடைசிக் கட்டம் இல்லை. ஒருவர் அதை அடைந்துவிட்டால் மறுநாள் வாரார் என்பதால், அது அங்கு வைக்கப்படுவதேயில்லை. வேலைக்கும் விளையாட்டுக்கும் உள்ள வேறுபாடு இன்பம் துன்பம் பற்றியதன்று என்றும், ஆடுவோன் தானே எழுந்து செல்ல முடிவதில் இருக்கிறது என்றும் நமக்கு இப்போது படுகிறது. எழ முடியாத விளையாட்டு வேலையாகிவிடுகிறது. அதற்குச் சம்பளமும் இல்லை. இக்கொள்கை எல்லாவிடத்தும் செல்லுமா என்பதைக் கற்றறிந்தோர் ஆராய்ந்து சொல்லட்டும். நாம் வெறும் இளங்கலைப் பட்டதாரி.

மறுநாட் காலை, முன்பு சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவனிடம் கூறினோம். "பதவியை ஏற்காதே என்று சொல்லவில்லை. ஏற்றுக்கொள் என்றதை மட்டும் திரும்பப் பெறுகிறோம்" என்றோம். எழுத்தனின் மொழி அது, அவன் புரிந்துகொண்டான்.

அவன் புனே திரும்பிப் பதவியை மறுத்துவிட்டான். பழைய பணியிலேயே இருக்கிறான். ஒரு மாற்றத்தைமட்டும் கேட்டுப் பார்த்தானாம். அவன் ஆட்டத்தில் ஊர்க்கிணறு ஒன்றும் புளியமரம் ஒன்றும் வரும்; மரத்தடித் திண்ணையில் ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். அது நம் ஊர்க் கிணறு. முதியவர் அவனுடைய பாட்டனார், அதாவது நம் தந்தை. தோளில் துண்டு போட்டிருக்கும் வகையிலிருந்து அதை அவன் சரியாகப் பிடித்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஆடி முடித்துப் புறப்படுவோரைப் பார்த்து அவர் கையை உயர்த்தி "நாளை வா" என்பார். அரைமணி நேரம் ஆடியபின் அம்முதியவர் கொட்டாவி விட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சார்த்திக்கொள்வதாக அமைக்கலாம் என்பது அவன் கருத்து. பதினைந்து நாள் அவ்வாறே வைத்துப் பார்த்தனர். அட்டவணையில் எண்கள் குறைந்தன. எடுத்துவிட்டனர்.

நம் தமக்கை அதன்பின் நம்மோடு சரியாகப் பேசவில்லை. பொங்கலுக்கு அழைத்தபோது, "நீ நன்றாகத்தான் தர்மம் சொன்னாய்; கடன் கட்டுவது யார்?" என்று கேட்டுவிட்டுக் கைப்பேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டார். அவர் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. ஓய்வூதியக்காரர் கோப்பு எதுவாயினும் அன்றைக்கன்றே மேலே அனுப்பிவிடும் வழக்கத்தை மேற்கொண்டிருக்கிறோம். அது தமக்கையின் கடனை அடைக்காது.

இந்தக் குளிர்காலத்தில் புல்வெளியில் சீட்டு வட்டங்கள் குறைந்துவிட்டன. நம் வட்டத்தில் இருவர் ஓய்வு பெற்றனர்; அவர்கள் இடத்திற்கு வந்த பீகாரைச் சேர்ந்த இளைஞர் சீட்டைத் தொடுவதில்லை. சென்ற கிழமை நாம் கடலையை உடைத்துக்கொண்டே அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தோம். கைப்பேசியில் கிணறும் புளியமரமும் இருந்தன. திண்ணையில் நம் தந்தை அமர்ந்திருந்தார். மணி ஒன்றரை ஆயிற்று. செய்தித்தாளை உதறி மடித்து, "எழலாமா?" என்று கேட்டோம்.

"ஒரு நிமிடம் அண்ணா" என்றார் இளைஞர்.

தந்தை கையை உயர்த்தினார். நாம் நின்றுகொண்டிருந்தோம்.